கொடைரோட்டுச் சுவரும் ழாத் என்னும் எழுத்தும்

கொடைரோடு ரயில் நிலையத்துக்கு வெளியே, வத்தலக்குண்டு செல்லும் பேருந்தை எதிர்பார்த்து நாங்கள் நால்வர் நின்றிருந்த ஒரு மாலையில் இந்த விவாதம் தொடங்கியது. எதிரே இருந்த சுவரில் மூன்று சுவரொட்டிகள் அடுத்தடுத்து ஒட்டப்பட்டிருந்தன. முதலாவது ஓர் அரசியல் கட்சியுடையது. அதில் 'ரம்ஜான் வாழ்த்துகள்' என்றிருந்தது. இரண்டாவது ஒரு பள்ளிவாசலின் அறிவிப்பு. அதில் 'ரமலான் சிறப்புச் சொற்பொழிவு'. மூன்றாவது ஒரு துணிக்கடையின் விளம்பரம். அது 'ரமளான் தள்ளுபடி' என்றது. எங்களுள் ஒருவர் பல ஆண்டுகளாக மெய்ப்புப் பார்ப்பவர். அவரால் பொறுக்க முடியவில்லை. "ஒரு சொல்லுக்கு மூன்று எழுத்துக்கூட்டு. ஏதோ ஒன்றுதான் சரியாக இருக்க முடியும்; மற்ற இரண்டும் பிழை" என்றார்.

அருகில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டோம். "பள்ளியாசல்ல ரமலான், பஞ்சாயத்து ஆபீசுல ரம்ஜான். ரெண்டும் நம்ம பேச்சுதான் தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த குவளையை எடுத்தார்.

அன்று சிரித்துக்கொண்டே பேருந்தில் ஏறிவிட்டோம். பின்னர் எண்ணிப் பார்க்கையில், மெய்ப்பு நண்பரைவிடத் தேநீர்க் கடைப் பெரியவரே இச்சிக்கலைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார் என்று தோன்றுகிறது. அச்சுவரில் இருந்தவை பிழைகள் அல்ல. ஓர் அரபு எழுத்து தமிழுக்கு வந்துசேர்ந்த வெவ்வேறு வழிகளின் தடங்கள் அவை. அந்த எழுத்தின் பெயர் ழாத். நம் பதிப்பாளர்களும் இதழாசிரியர்களும் இத்தடங்களை அழிக்காமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

*

அரபு நெடுங்கணக்கில் 28 எழுத்துகள். இன்றைய வரிசையில் 15ஆவது எழுத்து ழாத். அதற்கு முந்தைய எழுத்தான ஸாதின் வடிவமே இதற்கும்; படுத்த நிலையில் ஒரு சுழி, அதன் பின் ஒரு வால். தலைக்கு மேலே ஒற்றைப் புள்ளி வைத்தால் ஸாத், ழாத் ஆகிவிடும். எழுத்துகளுக்கு எண்மதிப்புத் தரும் 'அப்ஜத்' முறையில் இதன் மதிப்பு 800. கடைப் பலகைகளில் நாம் காணும் 786 என்ற எண் பிறந்ததும் இம்முறையில்தான்.

அரபியர் தம் மொழிக்கு இட்டுக்கொண்ட சிறப்புப் பெயர் 'ழாதின் மொழி'. வேறெந்த மொழியினரின் நாவுக்கும் வாய்க்காத ஒலி இது என்பது அவர்களது பெருமிதம். இதைக் கேட்கும் தமிழருக்கு உடனே தம் வீட்டு நினைவு வரும். நமக்கும் ஒரு 'சிறப்பு ழகரம்' உண்டு. அதுவும் வேறெவர்க்கும் இல்லை என்று மேடைதோறும் முழங்குகிறோம். உண்மையில் மலையாளத்தில் ழகரம் நம்மைவிட உறுதியாகவே வாழ்கிறது. நம் ஊர்ப் பேச்சிலோ, சிறுமலைப் பழத்தைப் 'பளம்' என்று சொல்வோரே மிகுதி. அரபியரின் நிலையும் இதுவே. இன்றைய அரபு நாடுகள் பலவற்றில் ழாத், கனத்த தகரமாக மாறிவிட்டது. பழைய இலக்கணியர் விவரித்த ஒலி அங்கே இன்று அரிது. தமக்கு மட்டுமே உரியதென்று ஓர் எழுத்தைக் கொண்டாடிய இரு மொழியினர், அதன் பழைய ஒலியை நாவிலிருந்து நழுவவிட்டதிலும் ஒத்திருக்கிறார்கள்.

அந்தப் பழைய ஒலி எப்படி இருந்தது? 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த சீபவைஹி அரபு இலக்கணத்தின் மூல ஆசிரியர், பிறப்பால் பாரசீகர். நாக்கின் ஓரப்பகுதிக்கும் அதை அடுத்த கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பிறப்பது என்று அவர் ழாதை விவரிக்கிறார். காற்று நாவின் நடுவே செல்லாமல் பக்கவாட்டில் கசியும் ஒலி அது. மொழியியலார் சொல்லும் மருங்கொலி. லகரமும் ளகரமும் இதே இனம். இவ்விடத்தில் நமக்குத் தொல்காப்பியப் பிறப்பியல் நினைவுக்கு வராமல் போகாது. நாவின் விளிம்பு தடித்து மேற்பல்லின் அடியைத் தொட்டால் லகரம், அண்ணத்தைத் தடவினால் ளகரம் என்பது அங்கே கிடைக்கும் விளக்கம். ஒருவரையொருவர் அறிந்திராத இரு இலக்கணியர், காலத்தாலும் கடலாலும் பிரிந்தவர்கள், 'நாவின் விளிம்பு' என்ற ஒரே உறுப்பைச் சுட்டுகிறார்கள். ஆக, அரபியர் வாயிலிருந்து ழாதைக் கேட்ட தமிழ்க் காது அதை ளகரமாகவோ ழகரமாகவோ வாங்கிக்கொண்டதில் வியப்பில்லை. நம்மிடம் இருந்தவற்றுள் அதற்கு மிக நெருங்கிய ஒலி அதுவே.

*

ழாதின் பிறப்புக் கதையும் கேட்கத் தக்கது. செமித்திய மொழிகள் அனைத்துக்கும் மூலமாகக் கருதப்படும் தாய்மொழியில் 29 மெய்கள் இருந்தன என்பது அறிஞர் கொள்கை. அவற்றுள் இவ்வொலியும் ஒன்று. ஆனால் பினீசியர் வகுத்து உலகெங்கும் பரவிய நெடுங்கணக்கில் 22 எழுத்துகளே இருந்தன. இவ்வொலிக்குத் தனி எழுத்து அங்கே இல்லை. எழுத்தில்லாமல் போன ஒலி ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு வீட்டில் ஒண்டிக்கொண்டது.

'நிலம்' என்னும் பொருள்படும் சொல்லை எடுத்துக்கொள்வோம். அரபியில் அர்ழ். எபிரேயத்தில் எரெட்ஸ், இவ்வொலி அங்கே ஸாதேயோடு கலந்துவிட்டது. பழைய அரமேயத்தில் அதே சொல் அர்கா என்றும், பிற்கால அரமேயத்தில் அர்ஆ என்றும் எழுதப்பட்டது. விவிலியத்தின் எரேமியா நூலில் 10ஆம் அதிகாரம் 11ஆம் வசனம் மட்டும் அரமேயத்தில் உள்ளது. அந்த ஒரே வசனத்துக்குள் இவ்விரு வடிவங்களும் வருகின்றன. எங்கள் மெய்ப்பு நண்பர் எரேமியாவின் பதிப்பாளராக இருந்திருந்தால் ஒன்றைப் பிழையென்று அடித்திருப்பார். மொழி வரலாற்றாளர் ஒரு நல்ல சான்றை இழந்திருப்பார்.

தென்னரேபியாவில் நிலைமை வேறு. சபா முதலிய பழைய அரசுகளின் கல்வெட்டு எழுத்தில் 29 எழுத்துகள் இருந்தன. இவ்வொலிக்கும் தனி வடிவம் இருந்தது. வடக்கே பெட்ராவைத் தலைநகராகக் கொண்ட நபதேயரின் 22 எழுத்து முறையிலிருந்துதான் இன்றைய அரபு எழுத்து வளர்ந்தது. ஒலிகள் 28, வடிவங்களோ அதைவிடக் குறைவு. ஒரே வடிவம் பல ஒலிகளைச் சுமக்க நேர்ந்தது. அவற்றைப் பிரித்துக் காட்டப் புள்ளி உதவியது. கி.பி. 643ஆம் ஆண்டைச் சேர்ந்த எகிப்தியப் பாப்பிரசு ஆவணம் ஒன்றிலேயே சில எழுத்துகளுக்குப் புள்ளி காணப்படுகிறது. புள்ளியில்லாத ஓலைச்சுவடியில் மெய்யா உயிர்மெய்யா என்று தடுமாறிய நம் பதிப்பாசிரியர்களின் பாட்டை அறிந்தவர்களுக்கு, ஒரு புள்ளி எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை. ழாத், ஸாதின் தலையில் வைக்கப்பட்ட புள்ளியால் உயிர் பெற்ற எழுத்து.

*

'ரமலான்' என்பது தமிழர் வாயில் சிதைந்த வடிவம் என்று எண்ணுவோர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் சற்று உலக வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.

நீதிபதியைக் குறிக்கும் காழி என்ற சொல்லில் வருவது ழாத். மேற்கே அரபியர் ஆண்ட ஸ்பெயினில், சாரியையோடு சேர்ந்த அச்சொல் 'அல்கால்தே' ஆயிற்று. இன்று அங்கே நகரத் தலைவருக்கு அதுவே பெயர். ழாத் இருந்த இடத்தில் லகரமும் தகரமும் இணைந்து நிற்கின்றன. புறநகரைக் குறிக்கும் ரபழ் என்ற அரபுச் சொல் ஸ்பானிய மொழியில் 'அர்ரபால்' ஆயிற்று. இங்கே லகரம் தனியாகவே நிற்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஹௌசா மொழியில் நீதிபதி 'அல்காலி'. கிழக்கே மலாய் மொழியில், மனநிறைவு என்னும் பொருள்படும் ரிழா 'ரெலா' ஆகிவிட்டது. இன்னும் பின்னே சென்றால், கி.மு. 7ஆம் நூற்றாண்டு அசீரிய மன்னன் எசர்ஹத்தோனின் ஆவணங்களில் அரபியரின் தெய்வம் ஒன்று 'ருல்தாயு' என்று குறிக்கப்படுகிறது. அது ருழா என்னும் தெய்வமே என்பது அறிஞர் கருத்து.

அசீரியரும் ஸ்பானியரும் ஹௌசாக்களும் மலாய்க்காரர்களும் கூடிப் பேசி முடிவெடுத்தவர்கள் அல்லர். அவரவர் காதுக்கு எட்டியதை அவரவர் எழுதினர். எல்லோருக்கும் லகரச் சாயல் கேட்டிருக்கிறது. இந்தப் பட்டியலில் தமிழின் ரமலானையும் கேரளத்து மாப்பிள்ளைமாரின் ரமளானையும் இலங்கையின் ரமழானையும் சேர்த்துப் பார்த்தால், சிதைவு என்ற குற்றச்சாட்டு நிற்காது. அரபு உலகின் நடுவே தேய்ந்துபோன ஒன்றின் எதிரொலி அதன் ஓரங்களில் தங்கிவிட்டது என்றே நாங்கள் கொள்கிறோம். நதி வற்றிய பிறகும் கரையோரக் குட்டைகளில் நீர் கிடப்பதில்லையா, அதுபோல.

*

தமிழுக்கு ழாத் வந்த முதல் வழி கடல்வழி. வணிகரோடும் மார்க்க அறிஞரோடும் கடற்கரை ஊர்களில் இறங்கி, மதரஸாக்களின் வழியே வீட்டுக்குள் நுழைந்தது. ஆகவே இவ்வழியில் வந்தவை யாவும் வழிபாட்டுச் சொற்களும் வீட்டுச் சொற்களும். தொழுகைக்கு முன் கைகால் கழுவுவது ஒளூ. அதற்கான நீர் நிறைந்த பள்ளிவாசல் தொட்டி ஹவுள். கட்டாயக் கடமை பர்ளு. தவறிப்போய்ப் பின்னர் நிறைவேற்றும் தொழுகை களா. தியாகத் திருநாள் ஈதுல் அள்ஹா. இவை எல்லாவற்றிலும் ளகரமாக நிற்பது ழாத்தான். சொல்லின் முதலில் ழகர ளகரங்கள் வாரா என்ற தமிழ் மரபும் வேலை செய்தது. முற்பகல் தொழுகையான ழுஹா பேச்சில் லுஹா ஆயிற்று.

இவ்வழியின் உச்சம் அரபுத்தமிழ். அரபு எழுத்தில் தமிழை எழுதும் இம்முறையில் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் ஏராளமான நூல்கள் தோன்றின. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இதன் பெரும்புலவர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு, இருக்கும் எழுத்துகளில் புள்ளியைக் கூட்டிப் புது எழுத்துகளைச் செய்துகொண்டார்கள். நாவை வளைத்து ஒலிக்கும் நம் ழகர ளகர இனத்துக்கு அவர்கள் தேர்ந்த அடிப்படை வடிவம் எது? ழாத். மேலே ஏற்கனவே ஒரு புள்ளி இருக்க, கீழேயும் ஒரு புள்ளி இட்டார்கள். தமிழெழுத்தில் அரபியை எழுத நேர்ந்தபோது ழாதுக்கு ழகரத்தைக் கொடுத்தவர்கள், அரபெழுத்தில் தமிழை எழுத நேர்ந்தபோது ழகர இனத்துக்கு ழாதைக் கொடுத்தார்கள். இரு மொழிகளும் தத்தம் மணிமுடி என்று கருதியதை மாற்றிக்கொண்ட இந்த நிகழ்ச்சியைப் பற்றித் தமிழ் இலக்கிய வரலாறுகள் ஒரு பத்திகூட ஒதுக்காதது வருத்தத்துக்குரியது.

இரண்டாவது வழி தரைவழி. அரபியிலிருந்து பாரசீகத்துக்கும், அங்கிருந்து உருதுவுக்கும், பிறகு நம் கச்சேரிகளுக்கும் வந்த பாதை அது. பாரசீகத்தில் ழாத் ஒலி இல்லை. அவர்கள் எழுத்தை மாற்றாமல், ஒலியை மட்டும் ஆங்கில 'இசட்' போன்ற ஒன்றாக மாற்றிக்கொண்டனர். அவ்வொலி தமிழில் இல்லாததால் நாம் அதை ஜகரமாக்கினோம். இப்படி இரண்டு கை மாறி வந்ததே ரம்ஜான். இவ்வழியில் வந்தவை வழிபாட்டுச் சொற்கள் அல்ல, ஆட்சிச் சொற்கள். பட்டியலிட்டால் வாசகர் திகைக்கக்கூடும்.

ஜாமீன், ஜப்தி, ஆஜர், அர்ஜி, ராஜிநாமா, ரஜா, மாஜி, ஜரூர், ஜில்லா. இந்த ஒன்பது சொற்களிலும் அரபு மூலத்தில் இருப்பது ழாத். பொறுப்பேற்பவர் என்னும் ழாமின் நமக்கு ஜாமீன். முன்னிலையில் இருப்பவர் என்னும் ஹாழிர் நமக்கு ஆஜர். கடந்தது என்னும் மாழி நமக்கு மாஜி அமைச்சர். விலா, பக்கம் என்னும் ழில்உ நமக்கு ஜில்லா. மலாய்க்காரருக்கு 'ரெலா' ஆகிய அதே ரிழாதான் நமக்கு விடுப்பைக் குறிக்கும் ரஜா; இசைந்தவர் என்னும் ராழி அதன் உடன்பிறப்பு, அதிலிருந்து ராஜிநாமா. முஸ்லிம் அல்லாத தமிழர், ழாத் என்ற எழுத்தைக் கேள்விப்படாதவர், நீதிமன்ற வாசலில் நாள் முழுவதும் ழாதையே பேசிக்கொண்டிருக்கிறார். தமிழின் ஒரே ஜகரம் அரபு, பாரசீக எழுத்துகள் பலவற்றைச் சுமக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஜமீனும் ஜமாபந்தியும் ழாத் சொற்கள் அல்ல.

ஒரே வேரிலிருந்து வந்த இரு சொற்கள் இவ்விரு வழிகளிலும் பிரிந்து வந்திருப்பதைக் காண்பது மேலும் சுவையானது. தீர்ப்பு, நிறைவேற்றம் என்ற கருத்தை உடைய ஒரே அரபு வேர் வீட்டில் களாத் தொழுகையாகவும் அரசில் காஜியாகவும் இருக்கிறது. 1880ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வரும் அப்பதவியைத் தமிழ்நாட்டில் 'தலைமை காஜி' என்கிறோம். இலங்கையிலோ 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் பேசும் நீதிபதி 'காதி'. மதரஸா நூல்களில் அவரே 'காழி'. சீர்காழியை மட்டும் அறிந்தவர் இங்கே குழம்பினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

*

இவ்விரு வழிகளும் சந்திக்கும் இடங்களுள் ஒன்று எங்கள் திண்டுக்கல் சமவெளி. 1755இல் ஹைதர் அலி மைசூர் அரசின் சார்பில் திண்டுக்கல்லின் பொறுப்பாளராக அமர்த்தப்பட்டார். 1792இல் ஆங்கிலேயர் கைக்குப் போகும் வரை, இடையீடுகளோடு, மைசூரின் பிடியில் இப்பகுதி இருந்தது. அக்காலத்தோடு தொடர்புடைய பேகம்பூர் இன்றும் திண்டுக்கல்லின் ஒரு பகுதி. ஹைதரின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் பெயரால் வந்த ஊர்ப்பெயர் அது என்பர். அந்த ஆட்சியோடு உருது பேசும் குடும்பங்களும் கச்சேரிப் பாரசீகமும் இங்கே வேரூன்றின. அவர்களுக்கு முன்பும் பின்பும் தமிழையே தாய்மொழியாகக் கொண்ட ராவுத்தர் குடும்பங்கள் இருந்தன. கடற்கரை ஊர்களின் ஆலிம்கள் எழுதிய நூல்கள் அவர்கள் வீடுகளிலும் ஓதப்பட்டன. ஆகவே ஒரே தெருவில் ஒரு வீட்டில் ரம்ஜான், மறு வீட்டில் ரமலான்.

தமிழ் இந்த இரட்டையை வீணடிக்கவும் இல்லை. பொதுவழக்கில் ரமலான் என்றால் நோன்பு மாதம். ரம்ஜான் என்றால், குறிப்பாக முஸ்லிம் அல்லாதாரின் பேச்சில், அம்மாதம் முடிந்து வரும் பெருநாள். அரபியில் ஒரே சொல்; தமிழில் இரு வழியாக வந்ததால் இரு பொருள் பெற்றுவிட்டது. தேநீர்க் கடைப் பெரியவர் பள்ளிவாசலையும் பஞ்சாயத்து அலுவலகத்தையும் பிரித்துக் காட்டியது இதைத்தான். மொழி வரலாற்றை அவர் இரு கட்டடங்களாகச் சுருக்கிச் சொன்னார்.

மூன்றாவது வழி வான்வழி. 1970களுக்குப் பின் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றவர்கள் இன்றைய அரபியரின் உச்சரிப்பை நேரடியாகக் கேட்டுத் திரும்பினர். அங்கே ழாத் கனத்த தகரம். ஆகவே ரமதான் என்ற வடிவமும் வந்தது. ரியாஸ் என்ற பெயருடைய நம் ஊர் இளைஞர் ரியாத் நகரில் வேலை பார்க்கிறார். இரண்டும் ஒரே அரபுச் சொல், தோட்டங்கள் என்று பொருள். முன்னது உருது வழியே வந்த பெயர், பின்னது விமானத்தில் வந்த பெயர். இலங்கையில் பிறந்திருந்தால் அவர் ரியாழ் என்று எழுதியிருக்கவும் கூடும்.

*

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் எங்கள் நண்பர் ஒருவருக்கு நேர்ந்த அனுபவம். அவர் தம் பாட்டியைப் பற்றி எழுதிய சிறுகதையை ஓர் இதழுக்கு அனுப்பினார். கதையில் பாட்டி 'ஒளூச் செஞ்சிட்டு வர்றேன்' என்பார். ரமலான் பிறை பார்க்க மாடிக்கு ஏறுவார். விட்டுப்போன நோன்புகளைக் 'களாவா' வைத்துக்கொண்டிருப்பார். அச்சில் வந்தபோது பாட்டி அங்கசுத்தி செய்தார். ரம்ஜான் பிறை பார்த்தார். களா காணாமலே போயிருந்தது. திருத்தியவர் கெட்ட எண்ணம் கொண்டவரல்லர். வாசகருக்குப் புரிய வேண்டும் என்று நினைத்தார். ஆனால் அந்தப் பாட்டி தம் வாழ்நாளில் ரம்ஜான் என்று சொன்னதில்லை. அவர் வாயிலிருந்து ழாத் பிடுங்கப்பட்டு அவ்விடத்தில் கச்சேரியின் ஜகரம் வைக்கப்பட்டது.

மறுபுறத் திருத்தமும் நடக்கிறது. அதே பாட்டியின் பேரப்பிள்ளைகள், ரமலான் என்பது தவறு, ரமதான் என்றே சொல்ல வேண்டும் என்று அவரைத் திருத்தினார்களாம். வழிபாட்டில் ஒலி முதன்மையானது என்பதை நாங்கள் மறுக்கவில்லை. குர்ஆனின் முதல் அத்தியாயத்தில், வழிதவறியோரைக் குறிக்கும் இறுதிச் சொல்லில் ழாத் வருகிறது. அன்றாடம் ஐவேளைக் கடமையான 17 ரக்அத்துகளிலும் ஓதப்படும் அத்தியாயம் அது. அங்கே ஒலியைச் செம்மையாகப் பயில்வது ஓதுவோரின் கடமை; அதில் வெளியார் கருத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஓதுவது வேறு, தமிழ் பேசுவது வேறு. தமிழ்ப் பேச்சுக்குள் வந்துவிட்ட சொல் தமிழ்ச்சொல். அதற்கு இன்றைய ரியாதின் உச்சரிப்பைக் கட்டளைக்கல்லாக வைப்பது எவ்விதத்திலும் தேவையற்றது. அந்த உச்சரிப்பே சீபவைஹி விவரித்ததிலிருந்து விலகியது என்னும்போது, பாட்டியைத் திருத்தும் உரிமை பேரனுக்கு எங்கிருந்து வந்தது?

ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறோம். ஒழுங்கு வேண்டாமா? கலைக்களஞ்சியமும் பாடநூலும் ஏதேனும் ஒரு வடிவத்தைத் தலைச்சொல்லாகக் கொள்ள வேண்டாமா? வேண்டும். அங்கே பெருவழக்கான ஒன்றைக் கொண்டு, மற்றவற்றை அதனோடு சேர்த்துச் சுட்டிக் காட்டட்டும். அகராதி இன்னும் ஒரு படி மேலே சென்று, இச்சொல் எவ்வழியே வந்தது என்றும் குறிக்கட்டும். உருதுச் சொல் என்று மட்டும் எழுதி நிறுத்தினால் பாதிப் பயணம் மறைந்துவிடுகிறது. இலக்கியத்தின் நியாயம் வேறு. கதைமாந்தர் எந்தத் தெருவில் பிறந்தார், எவரிடம் ஓதினார், எங்கே பிழைக்கப் போனார் என்பதை நான்கு பக்கத்தில் விவரிப்பதைவிட, அவர் ரமலான் என்கிறாரா, ரம்ஜான் என்கிறாரா, ரமழான் என்கிறாரா என்ற ஓர் எழுத்தில் காட்டிவிட முடியும். இவ்வளவு நுட்பமான கருவி கையில் இருக்க, அதை மழுக்குவது எழுத்தாளருக்கும் இழப்பு, வாசகருக்கும் இழப்பு.

தனித்தமிழ் அன்பர்களுக்கும் ஒரு சொல். ஜில்லா மாவட்டமானதிலும் ராஜிநாமா பதவி விலகலானதிலும் எங்களுக்கு வருத்தமில்லை. அவை நல்ல சொற்கள், நிலைத்துவிட்டன. வடசொற்கள் வட எழுத்தை உதறித் தமிழ் எழுத்தோடு வரலாம் என்று தொல்காப்பியம் அன்றே இசைவு தந்திருக்கிறது. ஒளூவும் ஹவுளும் களாவும் அந்த இசைவுப்படி நடந்துகொண்டவையே. தமக்கு அயலான ஒலியைக் கழற்றி வைத்துவிட்டு, ளகரத்தை உடுத்திக்கொண்டு வந்தவை. அவற்றை வாசலில் நிறுத்தி விசாரிப்பது தொல்காப்பியத்துக்கே உடன்பாடாகாது.

மீண்டும் கொடைரோட்டுக்கு வருவோம். அது அம்மையநாயக்கனூர் என்னும் பழைய பாளையத்தின் மண். 1875இல் மதுரைக்கு ரயில் பாதை போடப்பட்டு இங்கே நிலையம் வந்தது. கோடை மலைக்குச் செல்வோர் இறங்கிய இடம் என்பதால் கொடைரோடு ஆயிற்று. பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமான பெயர். நெடிலைக் குறிலாக்கிய பெயர். ஊரைச் சொல்லாமல் வேறோர் ஊருக்குப் போகும் பாதையைச் சொல்லும் பெயர். இலக்கணப்படி நோக்கினால் அதில் குற்றம் காண நிறைய உண்டு. ஆனால் பேருந்து நடத்துநர் கொடைரோடு என்று குரல் கொடுத்ததும் இறங்க வேண்டியவர்கள் சரியாக எழுந்து இறங்கிவிடுகிறார்கள். எங்கள் மெய்ப்பு நண்பரும் அன்று அப்பெயரைக் கேட்டுத்தான் இறங்கினார்.